வளரும் பிள்ளையின் உடம்பு, அழகு, சாப்பாடு: மதுரைப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சாப்பாடு திடீரென்று சண்டைக்கான விஷயமாகிவிடுகிறது. பெண் காலை இட்லியை ஒதுக்குகிறாள். பையன் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கித் தரச் சொல்கிறான். அம்மா திட்டுகிறார், அப்பா போனைப் பிடுங்கி வைக்கிறார். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளிப் பிள்ளைகளோடு பல வருடங்கள் இருந்த ஆசிரியையாக ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: தட்டைத் திருத்துவதற்கு முன்னால் வீட்டில் பேசுகிற பேச்சைத் திருத்த வேண்டும். இந்த வரிசை மாறினால், எவ்வளவு நல்ல சாப்பாடு சமைத்து வைத்தாலும் பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் படிக்கட்டும், அவர்களிடம் மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

முதல் படி: உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெண்பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கும். பையன்களுக்கு 9 முதல் 14-க்குள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருத்தி பெரிய மனுஷி மாதிரியும் இன்னொருத்தி ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரியும் தெரிவது இதனால்தான். இரண்டுமே சரியான வளர்ச்சிதான். பெரியவரானபின் ஒருவருக்கு இருக்கப்போகிற எடையில் ஏறக்குறைய பாதி இந்த வருடங்களில்தான் சேர்கிறது. உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை இப்போதுதான் கூடுகிறது.

எடை கூடாமல் இந்த வயதைக் கடக்க முடியாது. பெண்ணுக்கு இடுப்பிலும் தொடையிலும் மார்பிலும் சதை வைப்பது உடம்பு செய்துகொள்கிற ஏற்பாடு. உயரம் சரசரவென்று ஏறுவதற்கு முன்னால் வயிறும் கன்னமும் பூசினாற்போல் ஆவதையும் நிறைய பிள்ளைகளிடம் பார்க்கலாம். அந்த நேரத்தில் "குண்டாயிட்ட" என்று சொல்லிப் பட்டினி போட்டால், வளர்வதற்கென்று உடம்பு சேர்த்து வைத்ததைப் பிடுங்குகிறோம் என்று அர்த்தம்.

பையன்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பருவ வயதில் பையன்களில் பாதிப் பேர் வரை மார்பு லேசாக வீங்கும். ஹார்மோன் மாற்றத்தால் வருவது இது. பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே வடிந்துவிடும். கிணற்றடியில் சட்டையைக் கழற்ற மறுக்கிற, பி.டி. பீரியடில் ஒதுங்கி நிற்கிற பையனிடம் அப்பாவோ மாமாவோ இதைத் தனியாகச் சொன்னால் போதும், அவன் மூச்சு விடுவான்.

இன்னொன்று. போனில் உயரம், எடை போட்டவுடன் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண்ணைச் சொல்லும் ஆப்கள் பெரியவர்களுக்கான அளவைத்தான் காட்டும். 18 வயதுக்குக் கீழே அந்த எண் பொருந்தாது. வயதுக்கும் ஆண், பெண் வித்தியாசத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணை குழந்தைநல மருத்துவரிடம் இருக்கும், அதில்தான் பார்க்க வேண்டும். வீட்டு வெயிங் மெஷினைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.

இரண்டாம் படி: வீட்டுப் பேச்சை மாற்றுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி. நம் ஊரில் உடம்பைப் பற்றிப் பேசுவது பாசம் காட்டுகிற வழி. கல்யாண மண்டபத்தில் பார்த்தவுடன் "என்னத்தா இப்படி இளைச்சிட்ட, அம்மா சோறு போடுறதில்லையா?" என்பார்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆள் "என்ன இப்படி ஊதிட்ட?" என்பார். கேட்கிறவர் மறந்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி முன்னால் நிற்பாள்.

சொந்தக்காரர்கள் வாயை மூட முடியாது என்று பெற்றோர்கள் சொல்வார்கள். முழுதாக மூட முடியாது, சரி. ஆனால் பிள்ளைக்கு முன்னாலேயே நீங்கள் பேச்சைத் திருப்ப முடியும். "மதினி, அவ உடம்பப் பத்தி வேணாமே. கபடி டீம்ல சேர்ந்திருக்கா, அதக் கேளுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அப்பத்தாவிடம் அப்பா பேசினால் இன்னும் எடுபடும்: "ஆத்தா, நீ சொல்ற ஒரு வார்த்தைக்கு அவ ரெண்டு நாள் சாப்பிட மாட்டேங்குறா. விட்ரு." பதில் எப்படி இருந்தாலும், அம்மாவும் அப்பாவும் தன் பக்கம் நின்றார்கள் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் பட்டப்பெயர்கள் எதுவும் வேண்டாம். குண்டு, ஒல்லிக்குச்சி, கருவாச்சி, பல்லி, எதுவும். செல்லமாகத்தானே கூப்பிடுகிறோம் என்பது கூப்பிடுகிறவருடைய கணக்கு. அண்ணன் தங்கையைச் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

அம்மாக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் இதில் சேரும். பட்டுச்சேலை கட்டும்போது "ஐயோ, எப்படி இருந்த நான், இப்படி ஆயிட்டேன் பாரு" என்று கண்ணாடியைப் பார்த்து அலுத்துக்கொண்டால், உடம்பை வெறுப்பது எப்படி என்று பக்கத்தில் நிற்கும் மகள் அங்கேதான் கற்றுக்கொள்கிறாள்.

"நான் குண்டா இருக்கேனாம்மா?" என்று கேட்கும்போது "இல்லடி, நீ ஒல்லிதான்" என்று சட்டென்று பதில் சொல்லிவிடுகிறோம். குண்டாக இருப்பது பயப்பட வேண்டிய விஷயம் என்பதை அந்தப் பதிலும் ஒத்துக்கொள்கிறது. அதற்குப் பதில் "யாராச்சும் எதாவது சொன்னாங்களா பாப்பா?" என்று கேளுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். வேன் ஓட்டுகிறவரோ டியூஷனில் ஒருத்தனோ கிளாஸ் டீச்சரோ சொன்ன ஏதோ ஒரு சொல் வெளியே வரும். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: டிரில்லில் பின்வரிசைக்கு அனுப்புவது, ஆண்டுவிழா நடனத்துக்கு நிறம் பார்த்து ஆள் எடுப்பது, இவை ஒரு பிள்ளையின் மனதில் பல வருடங்கள் நிற்கும்.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அகாடமி 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. பட்டினி டயட்டை ஊக்குவிக்காதீர்கள், எடையைப் பற்றிப் பேசாதீர்கள், கேலி செய்யாதீர்கள், குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடுங்கள்.

மூன்றாம் படி: நிறத்தைப் பற்றி நேராகப் பேசுங்கள்

நம் பக்கத்தில் அழகு என்றாலே முதலில் நிறத்தில்தான் வந்து நிற்கிறார்கள். இது எனக்கு எப்போதுமே தாங்க முடியாத விஷயம். இந்த ஊரை ஆளுகிற மீனாட்சியை மரகதவல்லி என்கிறோம். அழகர்கோயில் வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறோம். கருப்பையா, கருப்பாயி என்று ஆசையாகப் பெயர் வைத்த குடும்பங்கள் நம்முடையவை. அதே வீட்டில் பெண் வயதுக்கு வந்து சடங்கு வைக்கும்போது ஃபிளெக்ஸில் அவள் முகத்தை ஸ்டூடியோக்காரர் மூன்று மடங்கு வெளுப்பாக்கிக் கொடுக்கிறார், நாமும் தெருமுனையில் கட்டுகிறோம். அவளுடைய முதல் பெரிய படத்திலேயே அவள் நிறம் திருத்தப்பட்டுவிடுகிறது. ஆர்டர் கொடுக்கும்போதே "நிறத்தை மாத்தாதீங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மேக்கப் போடுகிறவரிடமும் அப்படியே.

இனி க்ரீம்கள். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது. சிவப்பழகு என்ற பேச்சு கடைகளில் அப்படியேதான் இருக்கிறது. அதைவிட ஆபத்தானவை இரண்டு. முதலாவது, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகள். பெட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று டியூபில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் சிவந்து, பரு கிளம்பி, வெயில் பட்டால் எரிந்து, கன்னத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அதனால் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் தோல் மருத்துவர் சொல்கிறபடிதான் விட வேண்டும். இரண்டாவது, பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம்கள். பக்கத்துக் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் 2023-ல் வெளியே சொன்னார்கள். தயாரித்தவர் முகவரியும் பொருள்பட்டியலும் இல்லாத டப்பா எதுவாக இருந்தாலும் குப்பையில் போடுங்கள்.

கடலை மாவும் மஞ்சளும் தேய்த்துக் குளிக்கட்டும், சுகமாக இருக்கும். "வெளுப்பாவ" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: தட்டுக்கு வாருங்கள்

இப்போது சாப்பாடு. முதலில் காலை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் நம் மதுரையில்தான் தொடங்கியது, ஆனால் அது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து காலைச் சாப்பாடு வீட்டின் பொறுப்பு. ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன், வேன் என்று ஓடுகிற பிள்ளைகள் வெறும் டீயோடு வந்து, பதினோரு மணிக்குத் தலை சுற்றுகிறது என்று மேசையில் கவிழ்ந்து படுக்கிறார்கள். உட்கார நேரமில்லை என்றால் இரண்டு வாழைப்பழமும் ஒரு அவித்த முட்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ மோர் விட்டுக் கரைத்து ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போனாலும் போதும்.

அடுத்தது ரத்தம். 2019–21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோர்வு, மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, படிப்பில் மனம் நிற்காதது, எல்லாவற்றுக்கும் "போன் பார்த்துப் பார்த்துத்தான்" என்று சொல்லிவிடுகிறோம். ஒரு ஹீமோகுளோபின் சோதனை செய்து பாருங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். பெண்பிள்ளைக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வகுத்த அளவின்படி 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், அதே வயதுப் பையனுக்கு 22. அதாவது வீட்டில் அதிகம் தேவைப்படுகிறவள் அவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஈரலும் பெரிய துண்டும் யார் இலைக்குப் போகின்றன என்று யோசித்துப் பாருங்கள். கறி சாப்பிடுகிற வீடாக இருந்தால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல் இரண்டில் ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். சுவரொட்டி ரத்தம் ஊறும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்மைதான், அதில் இரும்பு மிக அதிகம். சைவ வீடாக இருந்தால் கீரை, கம்பு, எள், பயறு வகைகள். அவற்றில் இருக்கும் இரும்பை உடம்பு குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் கூடவே புளிப்பு வேண்டும்: அரை எலுமிச்சை, ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா. சாப்பாட்டோடு டீ, காபி கூடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

பள்ளியில் வாரம் ஒன்று தருகிற நீல மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியே வீசிவிடுவது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் அவ்வளவு தெரியாது. மலம் கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயப்பட வேண்டாம். இதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பாதிப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள். பூச்சி மாத்திரையையும் விடாதீர்கள். வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் சேர்கிற ரத்தத்தை அது குடித்துவிடும்.

புரதத்துக்கு டப்பா எதுவும் தேவையில்லை. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 43 கிராம், பையனுக்கு 45. காலை நான்கு இட்லியும் சாம்பாரும் ஏறக்குறைய 12 கிராம். மதியம் பருப்புச் சோறும் ஒரு முட்டையும் 15. சாயங்காலம் ஒரு கைப்பிடி சுண்டல் 6, ராத்திரி தோசையும் நிலக்கடலைச் சட்னியும் 8, ஒரு டம்ளர் பால் 6. கணக்கு சரியாகிவிட்டது. பத்தாம் வகுப்பு வரை சத்துணவில் முட்டை கிடைக்கிறது. வெட்கப்பட்டு ஒதுக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள். அயிரைமீன் குழம்பு வைக்கிற வீடுகளுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து நாளைக்கு 1000 மில்லிகிராம். வாழ்நாளுக்கு வேண்டிய எலும்பின் பெரும்பகுதி 18, 20 வயதுக்குள் கட்டி முடிந்துவிடும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது, முருங்கைக்கீரையிலும் எள்ளிலும் நிறைய இருக்கிறது. தயிர், மோர், எள்ளுருண்டை, கேழ்வரகு அடை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

சடங்குக்குச் செய்கிற உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் அருமையான வழக்கம், அந்த ஒரு மாதத்தோடு நிறுத்தாதீர்கள். பச்சை முட்டை குடிக்க வைப்பதை மட்டும் விட்டுவிட்டு அவித்துக் கொடுங்கள். பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம், அவித்ததைத்தான் உடம்பும் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

புரோட்டா, சால்னா, ஜிகர்தண்டா? மதுரையில் பிறந்த பிள்ளையிடம் இவற்றைத் தொடாதே என்று சொல்வது வீண். வாரத்தில் ஒருநாள் குடும்பமாகப் போய் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். "இதைச் சாப்பிட்டதுக்கு நாளைக்குப் பட்டினி" என்ற பேச்சுதான் புரோட்டாவைவிடக் கெடுதல். தினசரி பாட்டில் குளிர்பானமும் பாக்கெட் நொறுக்கும் வாங்குகிற காசைக் குறைத்து, கடலை, பொரி, பழம் வீட்டில் கண்ணில் படும்படி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஐந்தாம் படி: பட்டினி டயட்டை விளக்கி மறுங்கள்

"ஒரு வாரத்தில் ஐந்து கிலோ" வீடியோ பார்த்து ராத்திரிச் சாப்பாட்டை விடும் பிள்ளையிடம் கத்தாமல் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1944–45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் பாதிச் சாப்பாடு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மன உறுதியானவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகம் சேர்த்தார்கள், எரிச்சலும் சோர்வும் மனச்சோர்வும் வந்தன. ஆய்வு முடிந்தபிறகு எவ்வளவு சாப்பிட்டும் அடங்கவில்லை. பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு ராத்திரி அடுப்படியில் பாத்திரத்தோடு நிற்கிற பிள்ளைக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று நினைக்கக் கூடாது. பசித்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

ஆறாம் படி: ஜிம்முக்குப் போகும் பையன்

பயிற்சி நல்லது, ஆள் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். சொல்லித் தருகிறவர் ஊசியையோ பெயர் தெரியாத மாத்திரையையோ பற்றிப் பேசினால் அன்றைக்கே நிறுத்துங்கள். உடம்பு ஏற்றப் போடும் ஸ்டீராய்டு, எலும்பின் வளர்ச்சி முனைகளைச் சீக்கிரம் மூடிவிடும், பையன் அதற்குமேல் உயர மாட்டான். விதை சுருங்கும், ஈரல் கெடும், கோபம் தலைக்கேறும். சினிமாவில் பார்க்கிற வயிற்றுக் கட்டுகள் படப்பிடிப்புக்காகத் தண்ணீரைக்கூடக் குறைத்து, விளக்கொளி வைத்து எடுக்கப்படுபவை என்பதைச் சொல்லுங்கள். சிலம்பம், கபடி, நீச்சல் எல்லாம் நம்மிடமே இருக்கின்றன. 5 முதல் 17 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண்பிள்ளைகளுக்கும் அதேதான். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி அம்மாவும் மகளுமாகப் பேசிக்கொண்டே நடந்தால், இரண்டாம் படியில் சொன்ன பேச்சும் அங்கேயே நடந்துவிடும்.

ஏழாம் படி: போன்

பிடுங்கி வைப்பதால் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஃபில்டர் போட்டும் போடாமலும் ஒரே முகத்தைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தபின் மனம் கனக்கிற பக்கங்களை அவர்களே நீக்கட்டும். பிஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995-ல்தான் டி.வி. வந்தது. தாட்டியான உடம்பைத்தான் அழகென்று கொண்டாடிய ஊர் அது. மூன்றே வருடத்தில் அங்கே பள்ளிப் பெண்களில் 11 சதவீதம் பேர் எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னார்கள். படம் பார்ப்பது அவ்வளவு வேலை செய்யும். ராத்திரி போன் ஹாலில் இருக்கட்டும். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும்.

எட்டாம் படி: மருத்துவரிடம் எப்போது போவது

பிள்ளையின் பின்கழுத்தில், அக்குளில் வெல்வெட் மாதிரித் தடித்த கருமை இருக்கிறதா? அழுக்கு என்று பீர்க்கங்கூடு வைத்துத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும். தேய்த்தால் புண்தான் ஆகும்.

மாதவிலக்கு முதல் ஓரிரு வருடம் முன்னே பின்னே வருவது இயல்பு. 15 வயதாகியும் வரவில்லை, அல்லது வந்துகொண்டிருந்தது மூன்று மாதமாக நின்றுவிட்டது என்றால் பெண்கள்நல மருத்துவரிடம் காட்டுங்கள். எடை உண்மையிலேயே கூடுதல் என்று மருத்துவர் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் செய்யாதீர்கள். வீடே ஒரே சாப்பாட்டுக்கு மாறட்டும். வளர்கிற வயதில் எடையை இறக்காமல், ஏறுவதை மட்டும் நிறுத்திவைத்தாலே உயரம் கூடக்கூடச் சரியாகிவிடுவது உண்டு.

கீழே சொல்பவை உணவுக்கோளாறு என்ற நோயின் அறிகுறிகளாக இருக்கலாம், ஒன்றைப் பார்த்தாலும் தள்ளிப்போடாதீர்கள். சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவது. விரல் விட்டு வாந்தி எடுப்பதால் விரல் கணுக்களில் காய்ப்பு. சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி டிபன்பாக்ஸைக் கொட்டுவது. தொளதொளச் சட்டைக்குள் ஒளிவது. எப்போதும் குளிர்கிறது என்பது. மயங்கி விழுவது. பகலில் விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருப்பது. கடைசி இரண்டும் இருந்தால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. மனநலப் பிரிவு என்றவுடன் "நாளைக்குக் கல்யாணம் பேசும்போது" என்று இழுக்கும் உறவினரிடம், இது உயிரைப் பறிக்கிற நோய் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறுங்கள்.

வீட்டில் பேச முடியாத பிள்ளைகள், அல்லது எங்கே தொடங்குவது என்று தெரியாத பெற்றோர்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் போன் செய்யலாம். இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசுவார்கள். வீட்டிலோ பள்ளியிலோ யாராவது உடம்பை வைத்துத் துன்புறுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கடைசி மாதவிலக்குத் தேதி, இப்போது சாப்பிடுகிற மாத்திரைகள், முகத்தில் பூசுகிற டியூப், பையனாக இருந்தால் பவுடர் டப்பா, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவரிடம் பிள்ளை தனியாகப் பேசட்டும். நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.